நகர்த்தி வைத்த குடம்

நடுவர் அவர்களே, மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் எங்கள் தாராவியிலிருந்தும் வந்திருக்கும் அக்கா தங்கைகளே, அண்ணன்மாரே, வணக்கம்.

வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் மேல் விழும் பழியைத் துடைப்பது சட்டமா, அக்கம்பக்கமா? சட்டமே என்று பேசினார் எதிரணி அண்ணன். அவள் பெயரை வெளியிடக் கூடாது என்று 1983-இல் சட்டம் வந்தது என்றார். அவளுடைய நடத்தையைக் கிளற இடம் கொடுத்த சாட்சியச் சட்டப் பிரிவு 2003-இல் போனது என்றார். அவள் உடலுறவுக்குப் பழகியவளா என்று பார்க்கும் இரு விரல் பரிசோதனை கூடவே கூடாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்ததைச் சொன்னார். அத்தனையும் உண்மை. அதற்காகத் தெருவில் இறங்கிய பெண்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் அண்ணே, பத்திரிகை பெயர் போடாவிட்டால் எங்கள் சந்துக்குத் தெரியாதா? எதிர்வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எண்ணுகிற சந்து அது!

எங்கள் சந்தில் ஒரு பெண், புருஷன் அடித்து நெற்றியில் தையலோடு அம்மா வீட்டுக்கு வந்தாள். வந்த மறுநாளே ‘வாழாவெட்டி’ என்று பெயர் வைத்தாயிற்று. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் பக்கத்துக் குடம் நகரும். யாரும் திட்டவில்லை, குடம் மட்டும் நகரும். இதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவீர்கள்?

பழி நம் வாயில் பிறக்கிறது, நடுவர் அவர்களே. ‘முள்ளு மேல சேலை பட்டாலும், சேலை மேல முள்ளு பட்டாலும் சேதம் சேலைக்குத்தான்’ என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். முள்ளை வெட்டு என்று ஒரு பாட்டியும் எனக்குச் சொல்லவில்லை. ‘கற்பழிப்பு’ என்றே எத்தனை காலம் எழுதினோம்! குற்றம் செய்தவன் அவன், அழிந்தது இவள் கற்பாம். அந்தச் சொல்லைச் சட்டமா மாற்றியது? பெண்கள் சண்டை போட்டு ‘பாலியல் வன்கொடுமை’ என்று எழுத வைத்தார்கள்.

இதே மும்பையில், பரேல் கே.இ.எம். மருத்துவமனையில், 1973-இல் செவிலியர் அருணா ஷான்பாக் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி, மூளை பாதித்துப் படுத்த படுக்கையானார். அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பாலியல் குற்றம் வழக்கில் சேரவேயில்லை. தாக்கியவனுக்குக் கொலை முயற்சிக்கும் கொள்ளைக்கும் மட்டும் 7 ஆண்டு சிறை. சட்டப் புத்தகத்தில் பிரிவு இருந்தது. அவமானம் என்ற பயம் அந்தப் பக்கத்தைப் புரட்ட விடவில்லை. அதே அருணாவை 2015-இல் அவர் கண் மூடும் வரை, 42 ஆண்டுகள், குளிப்பாட்டி, சோறூட்டிக் காத்தவர்கள் யார்? உடன் வேலை பார்த்தவர்களும், அவர் நடமாடிப் பார்த்தே இராத அடுத்த தலைமுறைச் செவிலியர்களும். எந்தச் சட்டமும் அவர்களுக்கு உத்தரவு போடவில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது: வன்முறையை அனுபவித்த பெண்களில் நூற்றுக்கு 77 பேர் யாரிடமும் உதவி கேட்டதில்லை, யாரிடமும் சொன்னதும் இல்லை. வாய் திறக்காதவளுக்குச் சட்டம் எந்த வாசல் வழியாக வரும், அண்ணே?

குழாயடிக்கு வருகிறேன். நாங்கள் நாலு பேர் முடிவு செய்தோம். விடியற்காலை அவள் வாசலில் நின்று, “ஏய், தண்ணி வந்துடுச்சு, வா” என்று கூப்பிடுவோம். அவள் குடத்துக்கு இரண்டு பக்கமும் எங்கள் குடத்தை வைப்போம். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். பொங்கலுக்கு அவளையே கோலம் போடச் சொன்னோம். சீட்டிலும் சேர்த்தோம். முகம் சுளித்தவர்கள் உண்டு. எங்களோடு பேச்சை நிறுத்தியவர்களும் உண்டு. மாசக்கணக்கில் ஆனது.

ஒருநாள், முதன்முதலில் குடத்தை நகர்த்தி வைத்தாரே அந்த அம்மா, அவளை ஓரமாகக் கூப்பிட்டார். “பாந்த்ரா பாபா ஆஸ்பத்திரியில, வீட்டுல அடி வாங்குற பொம்பளைங்களுக்கு உதவ திலாசான்னு ஒரு இடம் இருக்காமே. அங்க யாரைப் பார்க்கணும்? எம் மகளுக்கும் அடி விழுதும்மா” என்றார்.

மறுநாள் அந்த அம்மாவின் மகளோடு பாந்த்ராவுக்குப் போனது அவள்தான்.