இன்சுலின் பம்பா, ஊசியா? மட்டக்களப்புக் கச்சான் காற்றுக் காலத்தில் ஒரு கணக்கு

[காட்சி: மேசை. ஒரு இன்சுலின் பேனா, ஒரு சிரிஞ்ச், பக்கத்தில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பம்ப்.]

வணக்கம். கனடாவிலிருந்து ஆடி அமாவாசைக்கு வந்த என் மச்சான், விமானம் ஏறுவதற்கு முதல் நாள் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போனான். "டேய், வீட்டில பழைய பம்ப் ஒண்டு சும்மா கிடக்குது. மறுகா வரக்குள்ள கொண்டந்து தரட்டா?"

அவனுக்கும் எனக்கும் டைப் 1 நீரிழிவு. அவன் இடுப்பில் பம்ப், எனக்கு நாளைக்கு நாலு ஊசி. சும்மா வருகிற பம்பை யாராவது வேண்டாம் என்பார்களா? நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்த வீடியோ. நான் டாக்டர் இல்லை, அதனால் இதைப் பார்த்துவிட்டு உங்கள் மருந்தின் அளவை மாற்றிவிடாதீர்கள். குளிசையோடு சமாளிக்கிற டைப் 2 காரர்களுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு சும்மா பாருங்கள்.

[காட்சி: வயல் வாய்க்கால், மதகு.]

நல்ல கணையம் எப்படி வேலை செய்கிறது? நம் வயல்காரர்களுக்கு இது எளிதாகப் புரியும். வாய்க்காலில் இரவு பகலாகக் கொஞ்சம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். சோறு உள்ளே போனதும் மதகு திறக்கும். டைப் 1 இல் அந்தக் கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடுகிறது. இரண்டு வேலையையும் நாம்தான் செய்யவேண்டும்.

ஊசியில் இதற்கு இரண்டு மருந்து. நாளுக்கு ஒருமுறை போடும் நீண்டநேர இன்சுலின் வாய்க்கால் தண்ணீர். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் போடும் விரைவு இன்சுலின் மதகு. பம்பில் இருப்பது விரைவு இன்சுலின் மட்டும். தோலுக்கடியில் செருகிய மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியாக நாள் முழுக்கத் துளித்துளியாக விடும், சாப்பிடும்போது பட்டனை அழுத்தினால் கூடுதலாக விடும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பம்ப்காரரின் உடம்பில் நீண்டநேர இன்சுலின் கையிருப்பு என்று ஒன்று இல்லை.

இன்னொரு கூட்டமும் உண்டு. வேகமாக வேலை செய்யும் இன்சுலினும் மெதுவாக வேலை செய்யும் இன்சுலினும் கலந்து வரும் 30/70 கலவை ஊசியைக் காலையும் மாலையும் போடுகிறவர்கள். அதில் மருந்துக்கு ஏற்ற நேரத்தில் நாம் சாப்பிடவேண்டும். கல்யாண வீட்டில் பந்தி இரண்டு மணிக்கு என்றால் கை நடுங்கத் தொடங்கிவிடும். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பம்பைப் பற்றி யோசிப்பதற்கு முன், நாலு ஊசி முறைக்கு மாறலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். பெரிய மாற்றம் அங்கேதான் இருக்கிறது.

இது என் சொந்தக் கதை மட்டும் இல்லை. 1993 இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. டைப் 1 உள்ள 1441 பேர். இறுக்கமாக இரத்தச் சீனியைக் கட்டுப்படுத்தியவர்களில், நீரிழிவுக் கண்நோய் இல்லாமல் தொடங்கியோருக்கு அது வரும் ஆபத்து 76 சதவீதம் குறைந்தது. அந்த இறுக்கமான குழுவில் சிலர் பம்ப் வைத்திருந்தார்கள், மற்றவர்கள் நாளுக்கு மூன்றோ அதற்கு மேலோ ஊசி போட்டார்கள். கண்ணைக் காப்பாற்றியது கருவியின் பெயர் இல்லை, சீனியை அடிக்கடி பார்த்து அளவைத் திருத்தியதுதான். அதற்கு ஒரு விலையும் இருந்தது. சீனி ஆபத்தாக இறங்கிப்போவது அவர்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு.

[காட்சி: மாமாங்கத் தீர்த்தக்குளம், கூட்டம்.]

இனி மச்சானின் கதை. ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலில் தீர்த்தம் ஆடப் போனோம். பம்பைக் கழற்றி அக்காவின் பையில் வைத்துவிட்டுக் குளத்தில் இறங்கினான். பத்து நிமிடத்தில் ஏறி, துடைத்து, திரும்ப மாட்டினான். எல்லாம் சரி. மதியம் சோறு, பருப்பு, எருமைத் தயிர். எட்டு யூனிட் அழுத்தினான். பம்பும் எட்டு யூனிட் போனது என்று காட்டியது.

மூன்று மணிக்குத் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டான். குமட்டல் வேறு. மீட்டரில் சீனி 384 mg/dL, மிக அதிகம். சட்டையைத் தூக்கிப் பார்த்தால், குளத்துத் தண்ணீரும் வியர்வையும் சேர்ந்து ஒட்டியிருந்த டேப் உரிந்து, குழாய் பாதி வெளியே வந்திருந்தது. வயிற்றில் ஈரம். மோந்து பார்த்தால் இன்சுலினுக்கே உரிய அந்தப் பிளாஸ்டர் வாடை. எட்டு யூனிட்டும் பெனியனுக்குத்தான் போயிருக்கிறது. குழாய் அடைத்திருந்தால் பம்ப் கத்தியிருக்கும். வெளியே ஒழுகினால் அதற்குத் தெரியாது.

நான் அவசரத்தில் என் பேனாவை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டான். ஊசியைப் புதிதாக மாற்றினாலும் பேனாவை இன்னொருவர் பாவிக்கக்கூடாது, போட்டவரின் இரத்தம் உள்ளே ஏறியிருக்கலாம். சரிதான், அவன்தான் எனக்குப் படிப்பித்தான். என்னிடமிருந்த புதுச் சிரிஞ்சால் அவனுடைய குப்பியிலிருந்து எடுத்துப் போட்டு, கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது இரத்தத்தில் சேரும் அமிலம்) பார்த்து, புதுக் குழாய் செருகி முடிக்க மாலையாகிவிட்டது. என் ஊசி ஒருவேளை தவறினால் சீனி ஏறும், ஆனால் முதல் நாள் இரவு போட்ட நீண்டநேர மருந்து அடியில் நிற்கும். பம்ப் நின்றால் சில மணி நேரத்திலேயே கீட்டோன் ஏறத் தொடங்கிவிடும்.

[காட்சி: மண்பானை, ஈர மணல்.]

அப்புறம் வெயில். திறந்த இன்சுலினை 30 பாகைக்குக் கீழே வைத்தால் பெரும்பாலும் நாலு வாரம் நிற்கும். கச்சான் அடிக்கிற மாதங்களில் நம் வீட்டு அலுமாரி அதைத் தாண்டிவிடும். (கொறிக்கிற கச்சான் இல்லை, அனல் காற்றுக் கச்சான்.) பிரிட்ஜ் இல்லாதவர்கள் ஒரு பானைக்குள் இன்னொரு பானை வைத்து, நடுவில் ஈர மணல் போட்டு, மருந்தை நனையாமல் உள்ளே வையுங்கள். காற்று வறண்டு இருப்பதால் கச்சான் காலத்தில் இது நன்றாகக் குளிரும், மாரியில் அவ்வளவு இல்லை. பிரீசரில் மட்டும் வைக்காதீர்கள். உறைந்த இன்சுலினைத் தூக்கிப் போடுவதுதான் வழி. பம்பில் இருக்கும் மருந்து உடம்புச் சூட்டிலேயே கிடக்கிறது. அதுவும் ஒரு காரணம், குழாயையும் மருந்தையும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதற்கு.

மூன்று நாளுக்கு ஒன்று என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 120 குழாய் செட். மச்சான் தர நினைத்தது பம்ப். அந்த 120 ஐ யார் தருவது? கிளினிக்கில் எனக்கு இலவசமாகக் கிடைப்பது இன்சுலின். பழைய பம்ப் பழுதானால் இரவு இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது?

பம்பை நான் குறை சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு 0.1 யூனிட் கூடப் பெரிய வித்தியாசம். பேனா அரை யூனிட்டுக்குக் கீழே இறங்காது, பம்ப் இறங்கும். விடியற்காலையில் மட்டும் சீனி ஏறுகிறவர்கள் அந்த நேரத்துக்கு மட்டும் அளவைக் கூட்டலாம். காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த ஒருவர் பம்ப் வைத்திருக்கிறார். நோன்புக்கு முன்பே டாக்டரோடு பேசி, பகலுக்கு அளவைக் குறைத்துவைப்பார். ஊசியில் காலையில் போட்டதைப் பிறகு திரும்ப எடுக்க முடியாது. சீனியை அளக்கும் சென்சாரோடு சேர்ந்து தானாகவே அளவைத் திருத்துகிற பம்புகளும் வந்துவிட்டன. ஆனால் பிட்டில் எவ்வளவு மாச்சத்து என்று அதற்கும் நாம்தான் சொல்லவேண்டும்.

கடைசியில் மச்சானிடம், பம்ப் வேண்டாம், அதற்குப் பதிலாகச் சீனி பார்க்கிற ஸ்ட்ரிப் வாங்கி அனுப்பு என்றேன். நாளைக்கு ஒருமுறை பார்த்த நான் இப்போது ஐந்து முறை பார்க்கிறேன். அதிகாலை மூன்று மணிக்கு என் சீனி 60க்கு இறங்குகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. டாக்டர் இரவு ஊசியை நாலு யூனிட் குறைத்தார்.

[காட்சி: உகந்தை முருகன் கோயில் கடற்கரை.]

அடுத்த முறை உகந்தையிலிருந்து குமண, யால காட்டு வழியாகக் கதிர்காமத்துக்கு நடக்கவேண்டும் என்று மச்சான் அடம்பிடிக்கிறான். நாட்கணக்கில் நடை, கரண்ட் கிடையாது. நடக்கும்போது சீனி இறங்கும் என்பதால் அவன் பம்பில் அளவைக் குறைத்துக்கொண்டே போகலாம், அது அவனுக்கு வசதி. ஆனால் அவன் எழுதி அனுப்பிய சாமான் பட்டியலில் முதல் வரி, அவனுக்கென்று இரண்டு பேனா. நீண்டநேர மருந்து ஒன்று, விரைவு மருந்து ஒன்று. இரண்டாவது வரி, ஒரு கிலோ சீனி.