என் எழுத்தைப் பார்த்து மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்களா, டீச்சர்?

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அமர்ந்து இந்தக் காணொளியைப் பதிவு செய்கிறேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் இடையிடையே கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். 28 ஆண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம்களுக்குப் பலமுறை சென்றிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்தே இன்று பேசப்போகிறேன்.

எங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அவளுடைய அம்மா வீட்டிலேயே பீடி சுற்றி மகளைப் படிக்க வைக்கிறார். நேற்று மாலை அந்தப் பெண் தன் தமிழ் நோட்டை என்னிடம் நீட்டி, "என் எழுத்தைப் பார்த்தே மார்க்கைக் குறைச்சிடுவாங்களா, டீச்சர்?" என்று கேட்டாள். கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது. படித்ததையெல்லாம் ஒப்பிக்கிறாள், இலக்கணத்தில் தடுமாற்றமே இல்லை. ஆனால் தேர்வு நெருங்க நெருங்க, பாடத்தைவிடக் கையெழுத்துதான் அவளை அதிகம் அச்சுறுத்துகிறது.

அவளிடம் அனுமதி பெற்று அந்த நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். இதோ, பக்கத்தைக் கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன். முதல் எட்டு வரிகளைப் பாருங்கள். எழுத்து நிமிர்ந்து நிற்கிறது, சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்கிறது. ஒன்பதாம் வரியில் எழுத்து சாயத் தொடங்குகிறது. பக்கத்தின் அடியில் இரண்டு சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, வலது ஓரத்தில் கடைசிச் சொல்லை நெருக்கி நுழைத்திருக்கிறாள். இப்போது தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவினால், எழுத்தெல்லாம் மேடு மேடாகத் தட்டுப்படுகிறது. அவ்வளவு அழுத்தி எழுதுகிறாள். இந்தப் பெண்ணுக்குக் கையெழுத்து வராது என்று இந்தப் பக்கம் சொல்லவில்லை. எட்டு வரிகளில் கை சோர்ந்துவிடுகிறது என்றுதான் சொல்கிறது.

அவள் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். கையெழுத்து அழகாக இல்லை என்பதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கும் விதி எதுவும் இல்லை. திருத்துபவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும். அதில் உள்ள கருத்து விடையில் இருந்தால் மதிப்பெண் வழங்கியாக வேண்டும். முகாமில் எங்கள் மேசைக்கு வரும் தாளில் மாணவரின் பெயரும் இருக்காது, பள்ளியின் பெயரும் இருக்காது. உதவித் தேர்வாளர் சிவப்பு மையில் திருத்திய தாளை முதன்மைத் தேர்வாளர் பார்ப்பார், கூட்டல் சரியா என்று கூர்ந்தாய்வாளர் பார்ப்பார். ஒரு சொல் புரியவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டி, "இது என்னம்மா, படிச்சுச் சொல்லு" என்று கேட்ட நாள்கள் எனக்கு எத்தனையோ உண்டு. அடித்துத் தள்ள வேண்டும் என்ற எண்ணத்தோடு அந்த மேசையில் யாரும் அமர்வதில்லை என்பதைப் பெற்றோர்கள் தயவுசெய்து நம்ப வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் நான் மறைக்கக் கூடாது. படிக்கவே முடியாத விடைக்கு மதிப்பெண் போட யாராலும் முடியாது. 8 மதிப்பெண் நெடுவினா ஒன்றில் நல்ல கருத்துகள் எல்லாம் ஒரே பத்தியில், நெருக்கடியான எழுத்தில், தலைப்பும் இடைவெளியும் இல்லாமல் கிடந்தால், காலையிலிருந்து கட்டுக் கட்டாகத் தாள்களைப் பார்த்துச் சோர்ந்த கண்ணுக்கு ஒரு கருத்து தப்பிப்போக வாய்ப்பு உண்டு. விடை நன்றாக இருந்தும் வினா எண்ணை எழுத மறந்தவர்களையும், 4 என்று எழுதியது 9 போலத் தெரிய, எந்த வினாவுக்கான விடை என்றே தெரியாமல் எங்களைத் தேட வைத்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது இதுதான்: உன் எழுத்து அழகாக மாற வேண்டியதில்லை, அம்மா, அடுத்தவர் தடங்கல் இல்லாமல் படிக்கும்படி இருந்தால் போதும்.

தமிழில் எழுதும்போது இந்தத் தெளிவு நான்கைந்து எழுத்துகளிலேயே அடங்கியிருக்கிறது. முதலாவது, ரகரமும் துணைக்காலும். அவசரத்தில் ரகரத்தின் அடியில் உள்ள சாய்ந்த கோட்டைப் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். உடனே 'மரம்' என்பது 'மாம்' என்று தெரிகிறது. இரண்டாவது, சுழிகள். மூன்று சுழி ணகரத்தில் ஒரு சுழி விழாமல் போனால் 'பணி' என்பது 'பனி' ஆகிவிடும். அந்தப் பிள்ளைக்குச் சரியான சொல் தெரியும், கைதான் சுழிக்கவில்லை. ஆனால் திருத்துபவருக்கு அது எழுத்துப்பிழையாகத்தானே தெரியும்? தமிழ்த் தாளில் பிழைக்கு மதிப்பெண் குறையும். கையெழுத்து மதிப்பெண்ணைத் தொடும் இடம் உண்மையில் இதுதான். மூன்றாவது, ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும். மேல்சுழியைச் சரியாகப் போடாவிட்டால் 'சேய்' என்பது 'செய்' ஆகும், 'கோல்' என்பது 'கொல்' ஆகும். பிறகு புள்ளி. வேகமாக எழுதும்போது புள்ளியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, வைக்க மறந்தே போகிறார்கள்.

பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும், குறில் கொம்புக்கும் நெடில் கொம்புக்கும் வேறுபாடு காட்ட மாட்டார்கள். அப்படிப்பட்ட ஏடுகளை வைத்துக்கொண்டுதான் உ.வே.சாமிநாதையர் போன்ற பெரியவர்கள் ஒவ்வொரு சொல்லையும் இடம் பார்த்து, பொருள் பார்த்து, ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு நூல்களைப் பதிப்பித்தார்கள். திருத்துபவரும் அதே பாடு பட வேண்டும் என்று ஒரு பத்தாம் வகுப்புத் தாள் எதிர்பார்க்கக் கூடாது அல்லவா? அவருக்குச் சில நிமிடங்கள்தான் இருக்கின்றன.

அதனால் இந்தப் பெண்ணுக்கு இரட்டைக் கோடு நோட்டு வாங்கிக் கொடுத்து முதலிலிருந்து எழுத வைக்க நான் விரும்பவில்லை. தேர்வுக்கு இன்னும் சில வாரங்களே இருக்கும்போது எழுத்தின் வடிவத்தையே மாற்ற முனைந்தால், உள்ள வேகமும் போய்விடும். நாள்தோறும் பத்தே வரிகள், அதிலும் ஒரு நாளைக்கு ஓர் எழுத்தில் மட்டும் கவனம் என்று வைத்திருக்கிறேன். கூடவே, பேனாவை முனைக்குச் சற்று மேலே தளர்வாகப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் பின்பக்கத்தைத் தானே தடவிப் பார்த்துக்கொள்ளலாம். மேடு குறையக் குறையக் கை இளைப்பாறுகிறது என்று பொருள். பேனாவைப் பற்றி ஒரு வார்த்தை. தேர்வுக்கு முதல் நாள் வேலூர் லாங் பஜாருக்குப் போய் விலை உயர்ந்த புதுப் பேனாவை வாங்கிக் கொடுக்காதீர்கள். எந்தப் பேனாவில் ஆண்டு முழுவதும் எழுதினார்களோ அதுவே கைக்கு அடங்கும்.

நம் ஊர் வெயிலைத் தனியாகச் சொல்ல வேண்டும். மார்ச் மாதக் கடைசியில் வேலூர் மாவட்டத்துத் தேர்வறைகளில் பதினொரு மணிக்கே உள்ளங்கை வியர்த்துவிடும்; வியர்வை பட்ட இடத்தில் ஜெல் மை கரைந்து பரவி, நன்றாக எழுதியதும் கிறுக்கலாகத் தெரியும். ஒரு பழைய பருத்திக் கைக்குட்டையை நான்காக மடித்து, எழுதும் கைக்கு அடியில் வைத்துக்கொண்டால் தாள் நனையாது. இடது கையால் எழுதும் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அவர்களுடைய கை, எழுதிய வரியின் மேலேயே நகர்ந்து போகிறது. அவர்கள் தாளை வலப்புறமாகச் சற்றுச் சாய்த்து வைத்துக்கொள்ளட்டும்.

காலை 10 மணிக்கு வினாத்தாள் வந்ததும் படிப்பதற்குப் 10 நிமிடங்களும், விவரங்களை நிரப்ப 5 நிமிடங்களும் கொடுக்கிறார்கள். 10:15க்கு எழுதத் தொடங்கினால் 1:15 வரை மூன்று மணி நேரம் இருக்கிறது. எழுத்து குலைவது பெரும்பாலும் கடைசி அரை மணி நேரத்தில்தான். நெடுவினாவையும் கட்டுரையையும் அந்த அரை மணிக்குத் தள்ளிவைக்காமல், கை புதிதாக இருக்கும்போதே ஒன்றையாவது எழுதி முடித்துவிடுவது நல்லது. வினா எண்ணை ஓரத்தில் தெளிவாக எழுதி, விடைக்கு விடை இரண்டு விரற்கடை இடம் விடுங்கள். தவறாக எழுதியதை ஒரே கோட்டால் அடித்தால் போதும். கறுப்பாக உருட்டி உருட்டி அடிக்க வேண்டாம்.

சில பிள்ளைகளுக்கு எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் எழுத்து வராது, கை வலிக்கும், எழுத்துகள் இடம் மாறும். அவர்களைச் சோம்பேறி என்று அடிக்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இடம்பெற்றிருக்கிறது. மருத்துவச் சான்றிதழோடு உரிய காலத்தில் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பித்தால், சொல்வதை எழுதுபவரும் கூடுதலாக ஒரு மணி நேரமும் பெற வழி இருக்கிறது. இது யாரும் போடும் பிச்சையன்று, அந்தக் குழந்தையின் உரிமை.

எனக்குப் பதினொரு வயதில் ஓர் ஆசிரியர் என் நோட்டை விரித்துப் பிடித்து, "கோழி கிளறியதைப் பாருங்கள்" என்று வகுப்பு வகுப்பாகக் காட்டிவரச் சொன்னார். ஐந்து வகுப்புகளின் வாசலில் அந்த நோட்டோடு நான் நின்றேன். அதன் பிறகு ஓராண்டு வரை கையை மறைத்துக்கொண்டேதான் எழுதினேன். மறைத்து எழுதும்போது எழுத்து இன்னும் கெட்டது. கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது என்று என் பாட்டி எனக்கு ஆறுதல் சொல்வார். அந்த அன்பை மறக்க மாட்டேன். ஆனால் ரகரத்துக்குக் கீழே ஒரு கோடு போட வேண்டும் என்று அன்று யாராவது பக்கத்தில் அமர்ந்து சொல்லியிருந்தால் எனக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கும்.

மணி ஆறாகப் போகிறது, அந்தப் பெண் வரும் நேரம். இன்று ரகரமும் துணைக்காலும் மட்டும்தான், பத்து வரிகள். நாளைக்கு மூன்று சுழி ணகரம்.