கெல்ப் காட்டுல கிடை போடுற மீனுங்க

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நேரா விஷயத்துக்கே வந்துடுறேன்.

கெல்ப்னு ஒரு கடல்பாசி இருக்கு. பாசின்னதும் குளத்துப் படியில வழுக்குமே அந்தப் பச்சைப் பாசிய நெனச்சுக்காதீங்க, இது பழுப்பு நிறம், 100 அடிக்கு மேல வளரும், கலிபோர்னியா கரையோரம் கடலுக்கு அடியில பாறையப் பிடிச்சுக்கிட்டு தண்ணிக்குள்ள ஒரு தோப்பு மாதிரி நிக்கும். எல்லாம் கூடி வந்தா ஒரே நாள்ல 2 அடி வரைக்கும் வளரும்ங்க. குளிர்ந்த தண்ணிலதான் வளரும், நம்ம மன்னார் வளைகுடாவுல கிடையாது, ஆனா அங்க கிடைக்கிற கட்டக்கோரை இதுக்கு தூரத்து சொந்தம், அதுவும் பழுப்புப் பாசிதான்.

இவ்ளோ வேகமா வளர்றது என்னத்த சாப்பிட்டு வளருதுங்கிறதுதான் இன்னிக்கு என் பேச்சு.

முதல்ல ஒண்ணு, கெல்ப்புக்கு வேர் கிடையாது. கீழ வேர் மாதிரி பின்னிக் கெடக்கே, அது பாறையப் பிடிச்சுக்கத்தான், மண்ணுல இருந்து சத்து உறிஞ்சுறது அதோட வேலை இல்ல. உடம்பு முழுக்க, இலை முழுக்க வாய்னு வச்சுக்கங்க. சுத்தி ஓடுற தண்ணில என்ன கரைஞ்சிருக்கோ அதான் சாப்பாடு. தண்ணி அசையாம நின்னா இலைய ஒட்டி இருக்கிற சத்து தீர்ந்துடும், புதுசா வந்து சேர நேரமாகும், அதனால அலையும் நீரோட்டமும் கெல்ப்புக்கு சாப்பாடு பரிமாறுற கை மாதிரி.

வெயில் இருக்கு, கார்பன் இருக்கு, அதிகமா தட்டுப்பாடு வர்றது நைட்ரஜனுக்குத்தான். நம்ம ஊர்ல வயலுக்கு யூரியா போடுறோம்ல, அதே நைட்ரஜன்.

கலிபோர்னியாவுல வசந்த காலத்துல வடமேற்குல இருந்து கரைய ஒட்டி காத்து அடிக்கும். பூமி சுத்துறதால மேல்தண்ணி கடல் பக்கமா விலகிப் போகும், அந்த எடத்த நிரப்ப அடியில இருந்து குளிர்ந்த தண்ணி மேல ஏறி வரும். செத்து மக்கினதெல்லாம் அடியிலதானே போய்ச் சேருது, அதனால அந்தத் தண்ணில நைட்ரேட் நிறைய, அதாவது நைட்ரஜன் கரைஞ்சிருக்கிற ஒரு வடிவம். இதுக்குப் பேரு அப்வெல்லிங். கெல்ப்புக்கு அது கல்யாண விருந்து.

சரி, விருந்து முடிஞ்சப்புறம்? கோடைல தண்ணி சூடாகும். தெற்கு கலிபோர்னியாவுல தண்ணி சுமார் 16 டிகிரி செல்சியஸ தாண்டினா அதுல நைட்ரேட் அனேகமா இல்லன்னே அர்த்தம். சேமிப்பாவது இருக்கான்னா, இந்த ராட்சத கெல்ப் சேத்து வைக்கிற நைட்ரஜன் 2, 3 வாரம் தாங்கினா அதிகம். கனடாவுல நோவா ஸ்கோஷியா பக்கம் இருக்கிற இன்னொரு கெல்ப் அப்படி இல்ல, அது குதிர் வச்ச சம்சாரி மாதிரி, குளிர்காலத்துல நைட்ரேட்ட உள்ள ரொப்பிக்கிட்டு தண்ணில தீர்ந்துபோன பிறகும் மாசக்கணக்குல வச்சு சாப்பிடும், கோடை வெயில்ல மாவுச்சத்து செஞ்சு இருட்டுக் காலத்துக்கு ஒதுக்கியும் வைக்கும். நம்ம கலிபோர்னியா கெல்ப் சுத்த அன்னாடங்காச்சி. ஆனா கோடைல மாசக்கணக்கா நைட்ரேட் இல்லாதப்பவும் அது சாகாம வளருது, வேகம் குறையும், நிக்காது. எப்படி?

இந்த எடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு சிலிர்க்கும்ங்க.

கொல்லன் மீன்னு அர்த்தம் வர்ற மாதிரி அந்த ஊர்ல ஒரு சின்ன மீனுக்குப் பேரு. கருநீல நிறம். பகல் முழுக்க கூட்டமா வெளில போய் நீரோட்டத்துல மெதந்து வர்ற பிளாங்க்டன்ங்கிற குட்டி குட்டி உயிருங்கள சாப்பிடும், பொழுது சாஞ்சா பாறை இடுக்குல வந்து தங்கிடும். ராத்திரி முழுக்க அது வெளியேத்துற கழிவுல அம்மோனியம் இருக்கு, அதுவும் நைட்ரஜனோட இன்னொரு வடிவம்தான். 1980-கள்லயே ஆராய்ச்சி பண்ணவங்க இத அளந்து பார்த்து, பக்கத்துல முளைக்கிற இளங்கெல்ப்புக்கு இது உரமாகலாம்னு எழுதினாங்க. அறுவடை முடிஞ்ச வயல்ல ஆட்டுக்கிடை போடுவோமே, அதேதான்! பகல்ல எங்கயோ மேய்ஞ்சுட்டு ராத்திரி நம்ம வயல்ல புழுக்கை போடுற ஆடு மாதிரி, வெளில இருக்கிற சத்த காட்டுக்குள்ள கொண்டாந்து சேர்க்குது.

அது மட்டும் இல்ல. இறால் வகையறா, சிப்பி, நத்தை எல்லாமே அம்மோனியம் விடும், அடிமண்ணுல மக்குறதுல இருந்தும் வரும். இலை மேலயே வெள்ளையா வலை பின்னின மாதிரி ஒரு குட்டிப் பிராணிக் கூட்டம் ஒட்டிக்கும், பார்த்தா சொறி பிடிச்ச மாதிரி இருக்கும், அதுவும் கொஞ்சம் அம்மோனியம் கொடுக்கும், ஆனா இலைய முறியற அளவுக்கு விறைப்பாக்கிடும், அதனால அத முழுசா நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். சமீபத்துல சான்டா பார்பராவுல கெல்ப் யூரியாவையும் நேரடியா உறிஞ்சுதுன்னு காட்டியிருக்காங்க. நைட்ரேட்ட உடம்புல சேர்க்க அத முதல்ல மாத்தணும், அதுக்கு சக்தி செலவாகும், அம்மோனியத்துக்கு அந்தச் செலவு இல்ல.

கூடவே கடலுக்கு உள்ளயே அலை இருக்கு, வெளில தெரியாது. அடியில இருக்கிற குளிர்தண்ணி அந்த அலைல ஏறி ஏறி இறங்கும், அடி இலைங்க அந்த நேரத்துல நைட்ரேட்ட பிடிச்சு மேல அனுப்பும். எல் நினோன்னா பசிபிக் கடல் தண்ணி வழக்கத்த விட சூடாகிற காலம்; 1982-83 எல் நினோவுல குளிர்தண்ணி ரொம்ப ஆழத்துக்குப் போயிடுச்சு, புயலும் சேர்ந்துக்கிச்சு, காடு காடா அழிஞ்சது. 1997-98லயும் பலத்த அடி.

அப்போ சாக்கடைய கடல்ல விட்டா உரம்தானேன்னு கேப்பாங்க. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துல பாலோஸ் வெர்டெஸ்ல அதான் நடந்தது. வந்தது வெறும் நைட்ரஜன் இல்ல, சேறு, கலங்கல், விஷம். குட்டிக் கெல்ப் ஒட்டிக்க பாறை இல்ல, வெளிச்சம் இல்ல, 1950-கள் கடைசில அங்க கெல்ப் கிட்டத்தட்ட இல்லாமலே போச்சு. கழிவ ஒழுங்கா சுத்திகரிக்க ஆரம்பிச்சப்புறம், நட்டு வளர்க்கிற முயற்சியும் சேர்ந்து, 1970-கள்லதான் திரும்ப வர ஆரம்பிச்சது.

அதனால கெல்ப் காட்ட காப்பாத்தப் போறவங்ககிட்ட நான் கேக்குறது இதான்: தண்ணி எத்தனை டிகிரின்னு பாருங்க, வேணாம்னு சொல்லல, ஆனா பொழுது சாயுறப்போ எத்தனை மீன் பாறைக்குத் திரும்புதுன்னும் உக்காந்து எண்ணுங்க.