கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்: ஜெர்மனியிலிருந்து ஒரு பேச்சு

வணக்கம். இன்றைக்கு ஊர் சுற்றிக் காட்டப் போவதில்லை. இது 2025 அக்டோபர் மாதம், டூயிஸ்பர்க்கில் காலையிலிருந்து மழை, நான் சமையலறை மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறேன். கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்க்கிறேன், தெரிகிறதா? இந்தப் பக்கம் இருப்பது ஜெர்மன் குடியுரிமை விண்ணப்பம். எல்லாம் நிரப்பியாயிற்று, கையெழுத்து மட்டும் பாக்கி. அந்தப் பக்கம் இருப்பது என் இந்திய பாஸ்போர்ட். இரண்டையும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று வாரம் ஆகிறது.

நான் இங்கே வந்தது 2016இல். 2024 ஜூன் 27ஆம் தேதியிலிருந்து ஜெர்மனி சட்டத்தை மாற்றிவிட்டது. ஐந்து வருடம் இங்கே இருந்தால் விண்ணப்பிக்கலாம், பழைய நாட்டின் குடியுரிமையை விடவும் வேண்டாம். கட்டணம் 255 யூரோ. ஆனால் இந்தியா ஒத்துக்கொள்ளாது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, நாமாக இன்னொரு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும். பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைக்க வேண்டும். 2022இல் மட்டும் 2,25,620 பேர் இப்படி விட்டிருக்கிறார்கள், நாடாளுமன்றத்திலேயே சொன்ன கணக்கு. அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம், அத்தனை பேரும் இப்படி ஒரு மேசை முன்னால் உட்கார்ந்திருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

'உனக்கு எந்த நாடு பிடிக்கும்?' என்று கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியே சரியாகப் படவில்லை. அது எனக்குப் புரிந்தது எங்கள் மாடிவீட்டுப் பெரியவரால்தான். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் துருக்கிக்காரர். நான் அவரை 'அம்ஜா' என்று கூப்பிடுவேன். நம்முடைய சித்தப்பா, பெரியப்பா இரண்டுக்கும் துருக்கியில் அந்த ஒரே சொல்தான். அவர் என்னை 'கிஸிம்' என்பார், மகளே என்று அர்த்தம். கருங்கடல் ஓரத்தில் சோங்குல்தாக் என்று நிலக்கரிச் சுரங்கம் உள்ள ஊர். அங்கிருந்து 1970இல், 22 வயதில் இங்கே சுரங்க வேலைக்கு வந்தவர். 1961 அக்டோபர் 30இல் ஜெர்மனியும் துருக்கியும் ஆள் எடுக்க ஒப்பந்தம் போட்டிருந்தன. இஸ்தான்புல்லில் டாக்டர்கள் பல்லைக்கூடப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்களாம். மூன்று நாள் ரயிலில் உட்கார்ந்தபடியே வந்து, மியூனிக் நிலையத்தில் 11ஆம் நடைமேடையில் இறங்கியிருக்கிறார். ஊரில் ஒரு வீடு கட்டப் பணம் சேர்ந்தால் போதும், இரண்டு வருடத்தில் திரும்பிவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தாராம்.

1973இல் ஆள் எடுப்பதை ஜெர்மனி நிறுத்திவிட்டது. இப்போது ஊருக்குப் போனால் மறுபடி உள்ளே வர முடியாதே என்ற பயத்தில் பலரும் குடும்பத்தை இங்கே வரவழைத்தார்கள். அம்ஜாவும் அப்படித்தான். பிறகு 1983இல் இன்னொரு சட்டம் வந்தது. வேலை இழந்தவர்கள் நாட்டைவிட்டே போய்விட்டால் 10,500 மார்க், ஒவ்வொரு பிள்ளைக்கும் 1,500 மார்க். அவரோடு ஒரே ஷிஃப்டில் இறங்கிய மூன்று பேர் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். அம்ஜா போகவில்லை, மகள் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

போனவர்களுக்கு அங்கே ஒரு பெயர் வைத்தார்கள், 'அல்மான்ஜி'. ஜெர்மனிக்காரன் என்பதை நாம் ஒருவனைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பேசுவதுபோல் சொல்லும் சொல். விடுமுறைக்குப் போகும் அம்ஜாவுக்கும் அங்கே அதே பெயர்தான். இங்கே அவர் 'ஆவ்ஸ்லெண்டர்', அதாவது அயல்நாட்டான். ஐம்பத்தைந்து வருடமாக இரண்டு இடத்திலும் இன்னொரு இடத்து ஆள். அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. தேநீரில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

துருக்கியக் குடியுரிமையை விட்டுக்கொடுக்க மனம் வராமல் அவர் ஜெர்மன் குடியுரிமையை வாங்கவே இல்லை. அதனால் இத்தனை வருடம் இந்த நகரத்துக்கு வரி கட்டியும், இதன் மேயரைத் தேர்ந்தெடுக்க ஒரு முறைகூட ஓட்டுப் போட்டதில்லை. 2014லிருந்து துருக்கித் தேர்தலுக்கு இங்கேயே ஓட்டுப் போட வழி செய்தார்கள். அவர் போய்ப் போட்டார். 2023இல் அதிபர் தேர்தல் முடிந்ததும் அண்ணன் மகன் போனில் சத்தம் போட்டானாம்: "நீங்கள் யூரோவில் சம்பாதித்து அங்கே வாழ்கிறீர்கள். லிராவில் வாழ்கிற எங்களுக்கு நீங்கள் ஏன் ஆள் தேர்ந்தெடுக்கிறீர்கள்?" அம்ஜாவிடம் அதற்குப் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அந்தப் பையன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விலைவாசி ஏறினால் தாங்கப் போவது அவன்தானே. ஆனாலும் "என் அம்மா அந்த மண்ணில் படுத்திருக்கிறாள், எனக்குப் பேச்சே இல்லையா?" என்று அம்ஜா கேட்டாரே, அதையும் என்னால் தள்ள முடியவில்லை.

புதிய சட்டத்தில் அவர் தலைமுறைக்கு எழுத்துத் தேர்வு கிடையாது, ஜெர்மன் பேசத் தெரிந்தால் போதும். துருக்கியக் குடியுரிமையும் அப்படியே இருக்கும். இந்த வருடம் அவருக்குக் கிடைத்துவிட்டது. போன மாதம் 14ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, இந்த மாநிலத்தில் உள்ளாட்சித் தேர்தல். 77 வயதில், மகள் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கி வந்தார். துணைக்கு நான் போனேன். வாசலிலேயே நின்றுகொண்டேன். வெளியே வந்தவர் ஒன்றும் பேசவில்லை. திரும்பி நடக்கும்போது, உடைந்து கிடந்த ஒரு நடைபாதைக் கல்லைக் காட்டி, "இனிமேல் இதற்கு நான் சண்டை போடலாம், கிஸிம்" என்றார்.

அன்று இரவுதான் நான் என் கணக்கைப் பார்த்தேன்.

எங்கள் ஊர் முசிறிக்குப் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது, வாழை போடுகிறார். நான் விண்ணப்பிக்கப் போகிறேன் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்போ வயலை உன் பேருக்கு செட்டில்மென்ட் எழுத முடியாதாம்மா?" என்பதுதான். நானும் பாஸ்போர்ட் போனால்தான் அந்தச் சிக்கல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அந்நியச் செலாவணி விதிகளை எடுத்துப் படித்தேன். வெளிநாட்டில் வாழ்கிற இந்தியர், கையில் இந்திய பாஸ்போர்ட்டே இருந்தாலும், விவசாய நிலம் வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. வாரிசாக மட்டுமே வரலாம். அதாவது இந்த ஒன்பது வருடமாகவே அப்பா எனக்கு அந்த வயலை எழுதிவைத்திருக்க முடியாது. அவருக்குப் பிறகுதான் அது எனக்கு வரும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? இன்னும் சொல்லவில்லை.

ஓட்டும் அப்படித்தான். வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்கள் படிவம் 6ஏ கொடுத்துப் பெயர் சேர்க்கலாம், 2011லிருந்து அந்த வசதி உண்டு. ஆனால் தபால் ஓட்டு கிடையாது, நேரில் வந்து பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் போட வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் அப்படிப் பெயர் சேர்த்திருந்தவர்கள் சுமார் 1,19,000 பேர். வந்து ஓட்டுப் போட்டவர்கள் 2,958 பேர். அதில் 2,670 பேர் கேரளத்துக்காரர்கள்! நான் அந்த 1,19,000 பேரில்கூட இல்லை. கடைசியாக ஓட்டுப் போட்டது 2014இல். இங்கேயும் ஓட்டு இல்லை, அங்கேயும் போடவில்லை. ஊரில் யாராவது அரசியல் பேசினால் மட்டும் குரலை உயர்த்திப் பேசியிருக்கிறேன். அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலை முன்பு ஒரு வீடியோவில் காட்டியிருக்கிறேன். ஈழத் தமிழர்கள் கட்டி, 2002இல் குடமுழுக்கு நடந்த கோயில். அங்கே அன்னதானத்தில் பரிமாறும் ஒரு அம்மா, ஜெர்மன் குடியுரிமை வாங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வாங்கும்போது கஷ்டமாக இருந்ததா என்று கேட்டேன். "நாடு எண்டு கேட்டால் ஜெர்மனி எண்டு சொல்லுவன் பிள்ளை. ஊர் எண்டு கேட்டால் புங்குடுதீவு. அதை ஆர் மாத்திறது?" என்றார். என் தயக்கத்தை அவர்களுடையதோடு சேர்த்துப் பேசக் கூடாது. அவர்கள் உயிருக்குப் பயந்து வந்தவர்கள். நான் சம்பளத்துக்கு வந்தவள், திரும்பிப் போக வாசல் திறந்தே இருந்தவள்.

அந்த வாசல்தான் எனக்கு உறுத்துகிறது. குடியுரிமையை விட்ட பிறகு ஓசிஐ அட்டை தருவார்கள், வேறு நாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை அது. ஆயுள் முழுக்க விசா வேண்டாம் என்பார்கள். ஆனால் 2020 வசந்தத்தில், கொரோனாவுக்காக எல்லைகளை மூடியபோது, அந்த அட்டை வைத்திருந்தவர்களால் இந்தியாவுக்குள் போக முடியவில்லை. மே 22இல்தான் சில வகையினருக்கு மட்டும் தளர்த்தினார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பே பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களுக்குச் சிறப்பு விமானங்கள் கிளம்பிவிட்டன. இங்கே எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த மாதம் தந்தையை இழந்தார். அட்டை கையில் இருந்தும் போக முடியவில்லை. வயலும் ஓட்டும் போனது எனக்குத் தெரியாமலே போயிற்று. இந்த பாஸ்போர்ட்டில் மிச்சம் இருப்பது ஒன்றுதான்: என் ஊர் வாசலில் போய் நிற்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்பது. அதைத்தான் கொடுக்கப் போகிறேன்.

கொடுக்கத்தான் போகிறேன். என் வேலை, என் பிள்ளையின் பள்ளிக்கூடம், இந்த வீடு எல்லாம் இங்கே இருக்கின்றன. தினமும் நடக்கிற தெருவில் எனக்கு ஒரு பேச்சு வேண்டும். வியாழக்கிழமை காலை குடியுரிமை அலுவலகத்தில் நேரம் வாங்கியிருக்கிறேன். கையெழுத்தை இப்போதே போடுகிறேன்... ம். போட்டாயிற்று.

முடிவு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம் என்றார்கள். அதுவரை நான் இந்தியக் குடிமகள்தான். அடுத்த வருடம், 2026இல், தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் வருகிறது. நேற்று ராத்திரி படிவம் 6ஏ நிரப்பி அனுப்பிவிட்டேன். தேதி அறிவித்ததும் விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டு டிக்கெட் போடுவேன். முசிறி தொகுதியில், நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே வாக்குச்சாவடி இருக்கும். அப்பாவும் நானும் சேர்ந்து போவோம். வயல் விஷயத்தை அந்த வழியில் நடக்கும்போது அவரிடம் சொல்லலாம் என்று நினைத்திருக்கிறேன்.