உடுத்தித் தீர்த்த சேலைகள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

துணிமணிகளும் நினைவுகளும் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எங்கள் செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் வீடுகளைப் பார்க்கத்தான் வருகிறார்கள். பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர் என்று பார்த்துப் பார்த்து வியக்கிறார்கள். 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் எங்கள் ஊர்கள் ஏறிவிட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் பழைய கதவு, பீங்கான் ஜாடி, இனாமல் தூக்குவாளி எல்லாம் விலைக்குக் கிடைக்கும். ஆனால் அந்த வீடுகளில் நடமாடிய பெண்கள் அன்றாடம் கட்டிய நூல் சேலை ஒன்று வேண்டும் என்று கேட்டால், கிடைப்பது அரிது. பட்டுச் சேலைகள் பெட்டகத்துக்குள் பூட்டிக் கிடந்ததால் தப்பித்தன. நூல் சேலை உடுத்தி, தேய்ந்து, கிழிந்து தீர்ந்துபோனது. அது எப்படித் தீர்ந்தது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்து நூல் சேலை என்றால் கண்டாங்கி. நல்ல கனமான பருத்தி, உடம்பு முழுக்கக் கட்டம், அகலமான பட்டைக் கரை. அரக்கு, மஞ்சள், கருப்பு என்று பளிச்சென்ற நிறங்கள். அந்தக் காலத்து ஆச்சிமார் பின்கொசுவம் வைத்து, கணுக்கால் தெரியக் கட்டினார்கள். வளவு என்கிற உள்முற்றத்துக்கும் அடுப்படிக்கும் நூறு தடவை நடக்கிறவர்களுக்குக் கால் தடுக்காத கட்டு அது. முதல் சில தடவை துவைக்கும்போது விறைப்பாக இருக்கும். துவைக்கத் துவைக்க மெதுமெதுப்பாகி உடம்போடு ஒட்டிவரும். அந்தப் பதம் வருவதற்குள் உடுத்துகிறவளின் பழக்கமெல்லாம் சேலையில் ஏறிவிடும். என் அப்பத்தாவின் சேலைகளில் இடுப்புக்கு வரும் இடம் மட்டும் நூல் நைந்து வெளுத்திருக்கும். சாவிக்கொத்து செருகிய இடம். முந்தானை நுனியில் காசு முடிந்து முடிந்து ஒரு சுருக்கம் நிலைத்திருக்கும். எவ்வளவு கஞ்சி போட்டுத் தேய்த்தாலும் அது நிமிராது.

அப்பத்தாவுக்குத் தேதி, வருடம் எல்லாம் நினைவில் நிற்காது. சேலை நிற்கும். ஐயா, அதாவது என் தாத்தா, மலாயாவுக்குக் கொண்டுவிக்க, வியாபாரம் பார்க்கப் போனவர். அப்போது கடைப் பொறுப்புக்குப் போகிறவர்கள் மூன்று வருடக் கணக்குக்குப் போவார்கள். போனால் இடையில் வருவது சிரமம். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினால் பினாங்கில் இறங்கலாம். "உங்க ஐயா கப்பலுக்குக் கிளம்புன அன்னைக்கு இந்தக் கருப்புக் கட்டந்தான் ஆத்தா கட்டியிருந்தேன். உங்க அப்பச்சி பெறக்கும்போது அந்த மஞ்சக் கரை" என்பார். அப்பச்சி என்றால் எங்கள் பக்கத்தில் அப்பா. எங்கள் குடும்ப வரலாறு அந்த மரப்பெட்டியில் மடித்து அடுக்கியிருந்தது என்றே சொல்வேன்.

ஐயா காலமானதும் அப்பத்தா வெள்ளைச் சேலைக்கு மாறினார். அன்றைக்கு எங்கள் நகரத்தார் வீடுகளில் அதுதான் முறை. யாரும் மாற்றிக் கேட்கவில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை, அது கொடுமை. நிறங்களை அவ்வளவு ரசித்த ஒரு மனுஷி, மிச்ச வாழ்நாள் முழுக்க ஒரே வெள்ளையைத் துவைத்துத் துவைத்துக் கட்டினார். பெட்டிக்குள் கண்டாங்கிகள் அப்படியே இருந்தன. மகள்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதை அவர் பூட்டி வைக்கவில்லை. பேரன் பேத்தி பிறக்கப் பிறக்க ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்.

எந்தச் சேலை எந்தப் பிள்ளைக்குத் தொட்டில் என்பதை அவர்தான் முடிவு செய்வார். அதில் யாரும் தலையிட முடியாது. நான் கிடந்தது அந்தக் கருப்புக் கட்டத்தில், ஐயா கப்பல் ஏறிய நாள் சேலையில். என் தம்பிக்கு மஞ்சள் கரை. உத்திரத்து வளையத்தில் கட்டித் தொங்கவிட்டால் பிள்ளை புரள்வது வெளியே தெரியும், காற்றும் போகும். பழைய சேலைதான் பச்சைப்பிள்ளை உடம்பை உறுத்தாது என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்த விஷயம். தொட்டில் நாள் முடிந்ததும் சேலை நாலாகக் கிழியும். நல்ல பாகம் பிள்ளைக்கு விரிப்பு. நைந்த பாகம் மொட்டைமாடியில் வடகம் காய. அதற்கும் பிறகு அடுப்படியில் பிடிதுணி. கடைசியில் ஒரு துண்டு வீடு மெழுகப் போகும். ஒரு நாள் என் ஆத்தா, அதாவது அம்மா, சோற்றுப் பானையை இறக்கிய பிடிதுணியில் அந்தக் கருப்புக் கட்டம் தெரிந்தது. "இது என் தொட்டிலாச்சே" என்றேன். "ஆமா, ஒங்க ஐயா கப்பல் ஏறுன சேலை" என்றார் ஆத்தா. கஞ்சியும் கரியும் பட்ட அந்தத் துண்டில் மூன்று தலைமுறை இருந்தது.

ஐயாவுடைய துணிகள் வேறு விதமாகப் போயின. மலாயாவிலிருந்து வந்த பெட்டியில் வேட்டிகள், பட்டிக் கைலி, தேங்காய்ப்பூத் துண்டு. வேட்டிகளை அப்பச்சி கட்டினார். கைலியைச் சின்னையா எடுத்துக்கொண்டார். அந்தத் துண்டை மட்டும் அப்பத்தா யாருக்கும் தரவில்லை. அந்துருண்டை போட்டு வைத்திருந்தார். இத்தனை வருடம் கழித்து யோசித்தால், அவர் உடுத்த முடியாமல் போனதையெல்லாம் பிள்ளைகளுக்குக் கொடுத்தார், தனக்கென்று அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார் என்று தோன்றுகிறது.

காலமானவர்களின் துணியை என்ன செய்வது என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வந்து, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, பெட்டியைப் பார்த்துத் திகைத்து நிற்கிறார்கள். மொத்தமாகத் தூக்கிக் கொடுக்கவும் மனம் வராது, எடுத்துப் போகவும் இடமில்லை. என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். கட்ட முடிந்ததைக் கட்டுங்கள். அப்பச்சியின் சட்டை தம்பிக்குத் தோளில் கொஞ்சம் தொங்கும், பரவாயில்லை. கட்ட முடியாத அளவுக்கு நைந்ததை வீட்டுக் குழந்தைக்கு விரியுங்கள். கொடுப்பதென்றால் தெரிந்தவர் கையில் கொடுங்கள், யாருடையது என்று சொல்லிக் கொடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் வீட்டில் மிஞ்சியிருக்கும் பெரியவரை ஒரு நாற்காலி போட்டுப் பெட்டி பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு துணியாக எடுத்துக் காட்டிக் கேளுங்கள். யார் எடுத்துக் கொடுத்தது, எப்போது கட்டியது. சொல்வதை ஒரு சீட்டில் எழுதி மடிப்புக்குள் வையுங்கள். கல்யாணச் சீருக்கு எத்தனை பித்தளை, எத்தனை வெள்ளி என்று நோட்டுப் போட்டு எழுதிய பரம்பரை நாம். இதையும் எழுதலாம்.

காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இளம் பெண்கள் திரும்பவும் வாங்குகிறார்கள். பத்திரப்படுத்த வாங்காமல், வேலைக்குக் கட்டிப்போக வாங்குகிறார்கள் என்பதில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. தறியில் உட்கார்ந்திருப்பவருக்கும் அதுதான் கஞ்சி ஊற்றும். சேலை கிழிந்தால்தானே அடுத்த சேலை வேண்டும்!

எங்கள் வீட்டில் விரைவில் படைப்பு வருகிறது. முன்னோருக்குப் புதுச் சேலையும் வேட்டியும் வைத்துப் படைப்போம். எங்கள் வீட்டு வழக்கப்படி படைத்த சேலையைப் பிறகு வீட்டுப் பெண் ஒருத்தி உடுத்துவாள். அப்பத்தாவுக்கு இத்தனை காலம் வெள்ளைதான் வைத்து வந்தார்கள். இந்தத் தடவை பங்காளிகளிடம் நானே பேசினேன். வயதில் மூத்த ஓரிருவர் தயங்கினார்கள். அப்புறம் சரி என்றார்கள். கருப்புக் கட்டம் போட்ட அரக்குக் கண்டாங்கி எடுப்பதாக முடிவாகியிருக்கிறது. படைத்து முடித்ததும் என் தம்பி மகள் கட்டிக்கொள்ளப் போகிறாள்.

வணக்கம்.