மோட்டாரின் நான்காவது கால்

வணக்கம் நண்பர்களே. இன்று நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். நேற்று ஆய்வகத்தில் காதில் விழுந்த ஒரு வாக்கியம் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. "ரப்பர் கப்ளிங்தானே போட்டிருக்கிறது, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் தாங்கிக்கொள்ளும்." கப்ளிங் என்றால் இரண்டு இயந்திரங்களின் ஷாஃப்டுகளை, அதாவது சுழலும் தண்டுகளை, இணைக்கும் பாகம்; அவை ஒரே கோட்டில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பதுதான் இதன் பொருள். இந்தப் பேச்சு எனக்கு அறவே பிடிக்காது. ரப்பர் தாங்கிக்கொள்ளும்தான். அது வளைந்து கொடுக்கும்போது எதிர்விசை எங்கே போகிறது? ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குக்குப் போகிறது. கப்ளிங் பிழைத்துக்கொள்ளும், பேரிங் தேய்ந்து சாகும். நட்டம் யாருக்கு?

வழக்கமாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், மின்னியலும் இயந்திரவியலும் சேர்ந்த படிப்பு என்னுடையது. இந்த முறை எங்கள் குழுவுக்குக் கிடைத்த வேலை, ஒரு தூண்டல் மோட்டாரை ஒரு நீர் பம்புடன் ஒரே கோட்டில் நிறுத்துவது. மோட்டார் 5.5 கிலோவாட். பெயர்ப்பலகையில் 1440 சுற்று என்று போட்டிருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 4 துருவ மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும். உள்ளே சுழலும் பாகமான சுழலி முழுச் சுமையில் 60 சுற்று பின்தங்குகிறது, அதாவது 4 சதவீத நழுவல். முறுக்கு விசை ஏறக்குறைய 36 நியூட்டன் மீட்டர். பெயர்ப்பலகையைப் படித்ததுமே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது என் பழக்கம்.  ஷாஃப்ட் எவ்வளவு முறுக்கைத் தாங்கவேண்டும் என்பதைக் கிலோவாட், சுற்று என்ற இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

இப்போது நான் மணிக்கணக்கில் பேசத் தயாராக இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். கால்கள். மோட்டாருக்கு நான்கு கால்கள், நான்கு போல்ட்டுகள். நான்கையும் இறுக்கினால் வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நாங்கள் டயல் கேஜின், அதாவது மிக நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் அளவியின், நுனியை ஒரு காலின் மேல் நிறுத்தி, அந்த ஒரு போல்ட்டை மட்டும் தளர்த்தினோம். அசையவில்லை. மறுபடி இறுக்கிவிட்டு அடுத்த கால். அசையவில்லை. அதற்கடுத்ததும் அப்படியே. நான்காவது போல்ட்டைத் தளர்த்தியதும் கால் மெல்ல எழும்பியது, முள் 0.18 மில்லிமீட்டரில் போய் நின்றது. 0.05க்கு மேல் எழும்பினால் அந்தக் கால் அடித்தளத்தில் சரியாக உட்காரவில்லை என்று பொருள். போல்ட் அதை வலுக்கட்டாயமாகக் கீழே இழுத்துப் பிடித்திருந்தது.

சரி, 0.18க்கு ஷிம், அதாவது உயரத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடு, வெட்டிச் சொருகினால் தீர்ந்தது என்றுதானே தோன்றும்? குழுவில் ஒருவர் தகட்டைக் கையில் எடுத்தேவிட்டார். நான் தடுத்தேன். ஃபீலர் கேஜை, அதாவது இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளின் தொகுப்பை, எடுத்து அந்தக் காலின் நான்கு மூலையிலும் நுழைத்துப் பார்த்தோம். வெளி ஓரத்தில் 0.20 தாராளமாக நுழைகிறது, உள் ஓரத்தில் 0.05 கூட நுழையவில்லை. கால் சாய்ந்திருக்கிறது! அங்கே முழுத் தகட்டைச் சொருகினால் உள் ஓரம் தூக்கிக்கொண்டு வேறொரு கால் கெட்டுப்போகும். அதனால் வெவ்வேறு நீளத்தில் தகடுகளை வெட்டிப் படிக்கட்டு போல அடுக்கினோம். அதிலும் மிக மெல்லிய தகடுகளை நிறையச் சேர்க்கக் கூடாது. அடுக்கு கூடக்கூட அது சுருள்வில்லாக மாறிவிடும், இறுக்கிய பிடிப்பு நிலைக்காது. மூன்று தகடுகளில் முடித்தோம். மறுபடி போல்ட்டைத் தளர்த்தினால் முள் 0.02. அந்த முள்ளைப் படம் எடுத்து என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன், கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். இந்தப் படிப்பில் இதுவரை எனக்குக் கிடைத்ததிலேயே மிக அழகான எண் இதுதான்.

இருங்கள், முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று, அதைச் சொல்லாமல் மேலே போக மாட்டேன். இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்பே மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு, மல்டிமீட்டரால் மோட்டாரின் முனைகளில் மின்னழுத்தம் இல்லை என்று பார்த்தோம். மீட்டர் வேலை செய்கிறதா என்பதை மின்சாரம் உள்ள வேறோர் இடத்தில் முன்னும் பின்னும் சோதித்தோம். கப்ளிங்கில் கை வைக்கும் யாரும் இந்த வரிசையை மாற்றக் கூடாது.

இனி என் கோபத்தின் இரண்டாம் பாகம். இந்தக் கால் சமாச்சாரம் எந்தப் பாடத்தில் வருகிறது தெரியுமா? இயந்திரவியலில். மோட்டார் எந்தப் பாடத்தில் வருகிறது? மின்னியலில். காலையில் ஒரு கட்டடம், மதியம் இன்னொரு கட்டடம், இரண்டு பதிவேடுகள். ஆனால் அந்த நான்காவது காலை இறுக்கும்போது மோட்டாருக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மோட்டாரின் வெளிக்கூடான சட்டம் முறுக்கிக்கொள்கிறது. இந்த அளவு மோட்டாரில் அசையாத பாகமான நிலையிக்கும் சுழலிக்கும் நடுவே உள்ள காற்றிடைவெளி சுமார் அரை மில்லிமீட்டர்தான். சட்டம் கொஞ்சம் முறுக்கினாலே இடைவெளி ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் அகலும். குறுகிய பக்கத்தில் காந்த இழுப்பு கூடும். காந்தப்புலம் வடக்கானாலும் தெற்கானாலும் இரும்பை இழுக்கத்தான் செய்யும், ஆகவே 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இழுப்பு நொடிக்கு 100 முறை எழுந்து அடங்கும். ஒரு போல்ட்டின் குற்றம் 100 ஹெர்ட்ஸ் மின் அதிர்வாக வெளியே வருகிறது! இதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

போன காணொளியின் கீழே ஒருவர் கேட்டிருந்தார், அதிர்வு மின்சாரத்தால் வருகிறதா, இயந்திரக் கோளாறால் வருகிறதா என்று எப்படிப் பிரிப்பது என்று. அருமையான கேள்வி. ஷாஃப்டுகள் ஒரே கோட்டில் இல்லையென்றால் பெரும்பாலும் சுழற்சி வேகத்தின் இரு மடங்கில் அதிர்வு தெரியும். எங்கள் மோட்டாருக்கு 1440 சுற்று என்றால் நொடிக்கு 24, இரு மடங்கு 48 ஹெர்ட்ஸ். 100இலிருந்து எட்டவே இருக்கிறது, குழப்பம் இல்லை. 2 துருவ மோட்டார்தான் சிக்கல். 2980 சுற்றில் ஓடினால் இரு மடங்கு 99.3 ஹெர்ட்ஸ். பக்கத்திலேயே மின்சாரத்தின் 100. சாதாரணக் கருவியில் இரண்டும் ஒரே கோடாகத் தெரியும். அப்போது ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதிர்வைக் கவனிக்கவேண்டும். சட்டென்று மறைந்தால் மின்சாரம் காரணம், வேகம் குறையக் குறைய மெல்ல அடங்கினால் இயந்திரம் காரணம். இவ்வளவு எளிய, இவ்வளவு நேர்மையான சோதனை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இரண்டும் ஒரே படிப்பு என்பதற்குச் சமன்பாடே சாட்சி. நிறை, தணிப்பான், சுருள்வில் மூன்றும் சேர்ந்த அமைப்புக்கு ஒரு சமன்பாடு எழுதுகிறோம். மின்தூண்டி, மின்தடை, மின்தேக்கி வரிசையாக இணைந்த சுற்றுக்கும் எழுதுகிறோம். எழுத்துகள்தாம் வேறு. நிறையின் இடத்தில் மின்தூண்டல், தணிப்பானின் இடத்தில் மின்தடை, வில்லின் விறைப்பு இருந்த இடத்தில் மின்தேக்குத்திறனின் தலைகீழ். ஒத்ததிர்வு இரண்டிலும் ஒரே மாதிரி வருகிறது. 1902இல் அர்னால்டு சோமர்ஃபெல்டு என்ற ஜெர்மானிய இயற்பியலாளர், சமநிலை இல்லாத ஒரு மோட்டாரை மர மேசையில் பொருத்தி ஓட்டினார். மேசையின் இயல்பு அதிர்வெண்ணை நெருங்கியதும், மின்திறனைக் கூட்டிக் கொடுத்தும் மோட்டாரின் வேகம் அவ்வளவாக ஏறவில்லை, கூட்டிக் கொடுத்ததில் பெரும்பகுதி மேசையை ஆட்டுவதற்கே போயிற்று. அந்தத் திறனை எந்தத் துறைக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

ஷாஃப்டுகளுக்குத் திரும்புகிறேன். கப்ளிங்கின் விளிம்பில் டயல் கேஜ் வைத்துச் சுற்றும்போது, மேலே பூஜ்யம் வைத்து அரைச் சுற்றுக்குப் பின் கீழே வரும் எண், உண்மையான விலகலின் இரு மடங்கு. இதை மறந்து தகடு போடுகிறவர்கள் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்குப் பிழையைக் கடத்துகிறார்கள், அவ்வளவுதான். எங்கள் ஷாஃப்டுகள் மாலைக்குள் அழகாக ஒரே கோட்டுக்கு வந்துவிட்டன. எல்லோரும் பையைத் தூக்கிவிட்டார்கள். எனக்குத்தான் ஒரு சந்தேகம். மோட்டார் ஓடினால் சூடாகும். சுருளின் மின்தடை இழப்பும் இரும்பு இழப்பும் வெப்பமாகும். இந்த மோட்டாரின் அடியிலிருந்து ஷாஃப்டின் மையம் வரை உயரம் 132 மில்லிமீட்டர். வார்ப்பிரும்பு ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 11 மைக்ரோமீட்டர் விரியும். சட்டம் 40 டிகிரி சூடேறினால் ஷாஃப்ட் 0.06 மில்லிமீட்டர் மேலே எழும்பும். பம்பில் ஓடுவது குளிர்ந்த நீர், அது எழும்பாது. நாங்கள் குளிர்ந்த நிலையில் அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த கோடு, ஓடத் தொடங்கிய பிறகு தானாகவே கலைந்துவிடும்!

ஆகவே மோட்டாரை வேண்டுமென்றே 0.06 தாழ்த்தி நிறுத்தவேண்டும், டயல் கேஜில் அது 0.12ஆகத் தெரியும். கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். தூக்கிய பைகள் திரும்ப மேசைக்கு வந்தன, நான்கு கால்களிலிருந்தும் ஒரே அளவு தகட்டை எடுத்தோம். ரப்பர் கப்ளிங் தாங்கும் என்று சொன்னவரும் ஃபீலர் கேஜோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

40 டிகிரி என்பது நான் எடுத்துக்கொண்ட கணக்கு, இந்த மோட்டார் உண்மையில் எவ்வளவு சூடேறுகிறது என்று அளந்தால்தான் ஆயிற்று. அடுத்த காணொளியில் முழுச் சுமையில் ஓட்டி, வெப்பம் ஒரே நிலைக்கு வரும்வரை காத்திருந்து, நிறுத்திப் பூட்டியவுடன் சூடாகவே டயல் கேஜை வைக்கப்போகிறோம். வேலைத்தளத்தில் சூட்டு அளவீடு எடுத்த அனுபவம் உள்ளவர்கள், டயல் கேஜைப் பிடித்து நிறுத்தும் காந்தத் தாங்கியைச் சூடான கப்ளிங்கில் எவ்வளவு விரைவாகப் பொருத்துகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள், அதற்கு முன்பே படித்துவிடுகிறேன்.