சேம்பர்ஸ் ஒளிச்சு வச்ச கவர்

எல்லாருக்கும் வணக்கம். சோவியத்துக்கு உளவு வேலை பார்த்து அப்புறம் விலகின அமெரிக்கர் விட்டேக்கர் சேம்பர்ஸ்னு சொன்னாலே தெரிஞ்சவங்க பூசணிக்காய் கதையைத்தான் எடுப்பாங்க, எனக்கு அதுக்கு முன்னாடி இருந்த ஒரு கவரைப் பத்திப் பேசணும்.

1925ல அமெரிக்க கம்யூனிஸ்ட் கட்சியில சேர்ந்தவர், 1932ல ரகசிய வேலைக்குப் போனார். வாஷிங்டன்ல அரசாங்க உத்தியோகத்துல இருந்த ஆளுங்க எடுத்துட்டு வர்ற காகிதங்களை வாங்கி போட்டோ எடுத்து சோவியத் ராணுவ உளவுக்கு அனுப்பணும். அப்படிக் குடுத்தவர்னு பின்னாடி அவர் சொன்னது வெளியுறவுத்துறை அதிகாரி ஆல்ஜர் ஹிஸ்ஸை. ரெண்டு குடும்பமும் நல்லா பழகினவங்க, அதான் இதுல வலிக்கிற இடம்.

1938ல விலகினார். ராஜினாமா கடுதாசி குடுத்துட்டு வர்ற இடமா அது? முந்தின வருஷம்தான் இக்னாஸ் ரைஸ்னு ஒரு சோவியத் உளவாளி விலகினதும் சுவிட்சர்லாந்துல சுட்டுக் கொன்னாங்க. அதனால கடைசியா கையில இருந்த காகிதம், பிலிம் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு மனைவி வழி சொந்தக்காரர்கிட்ட குடுத்தார். அவர் அதை ப்ரூக்ளின் வீட்டுல, மாடிக்கு சாமான் ஏத்துற பழைய பொந்துக்குள்ள சொருகி வச்சார். பத்து வருஷம் தூசி அடைஞ்சு கிடந்துச்சு.

1948 ஆகஸ்ட்ல அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸோட கமிட்டி முன்னாடி ஹிஸ் கம்யூனிஸ்ட்னு சொன்னவர், உளவுன்னு வாயே திறக்கல. அக்டோபர்ல கிராண்ட் ஜூரி, அதாவது வழக்கு போடலாமான்னு முடிவு பண்ற குடிமக்கள் குழு, கேட்டப்பவும் தெரியாதுன்னு பொய் சொன்னார். தப்புதான், ஆனா பழைய கூட்டாளிங்களை ஜெயிலுக்கு அனுப்ப மனசு வராம சொன்ன பொய் அது. ஹிஸ் மானநஷ்ட வழக்கு போட்டு ஆதாரம் கேட்ட பிறகுதான் கவர் இறங்குச்சு, டைப் அடிச்ச 65 பக்கம், ஹிஸ் கைப்பட எழுதின நாலு துண்டுச் சீட்டு. பிலிமை மட்டும் மேரிலாண்ட் பண்ணையில குடைஞ்ச பூசணிக்குள்ள வச்சு, டிசம்பர் 2 ராத்திரி எடுத்துக் குடுத்தார். 1950ல ஹிஸ்ஸுக்கு பொய்சாட்சிக்காக அஞ்சு வருஷம் தண்டனை. சாகுற வரைக்கும் அவர் மறுத்துட்டேதான் இருந்தார்.

1952ல சேம்பர்ஸ் 'சாட்சி'ன்னு அர்த்தம் வர்ற தலைப்புல தன் கதையை எழுதினார். அதுல ஒரு இடம், குட்டி மகள் உயர நாற்காலியில உட்கார்ந்து கஞ்சி சாப்பிடுறா, இவர் அவ காது மடிப்பையே பார்த்துட்டு இருக்கார், இது தற்செயலா அமைஞ்சிருக்க முடியாதேன்னு தோணுது. கடவுள் இல்லைங்கிற நம்பிக்கை அங்கதான் விரிசல் விட்டுச்சாம்.

விலகினப்ப மனைவிகிட்ட என்ன சொன்னார் தெரியுமா? ஜெயிக்கிற உலகத்தை விட்டுட்டு தோக்கிற உலகத்துக்குப் போறோம்னு. தெரிஞ்சேதாங்க போனார். சோவியத் வீரர் ககாரின் முதல் மனுஷனா விண்வெளிக்குப் போய் மூணு மாசம்தான் ஆகியிருந்துச்சு, 1961 ஜூலை 9ல அதே பண்ணையில செத்துப் போனார்.